பதினாலு நாள் இடம்

டெல்மருக்கு ஒரு இடம் பழகப் பத்து நாள் ஆகும். அதற்கப்புறம் நாலு நாள் நிம்மதி. பதினைந்தாம் நாள் கிளம்பியாக வேண்டும். அவர் மனைவி லவோனின் வாழ்க்கை இதற்குள் அடங்கிப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

அமெரிக்க அரசாங்கத்தின் பொது நிலம் என்றுதான் பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வேலி கிடையாது, வீடு கிடையாது, கேட்பார் கிடையாது. யார் வேண்டுமானாலும் வண்டியை ஓரங்கட்டித் தங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆனால் பொதுமக்கள் பதினாலு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் பொதுமக்களாக இருக்கக் கூடாது. இருந்தால் நிலத்தைக் கண்காணிக்கும் ரேஞ்சர் வருவார்.

அன்றைக்குக் காலையிலும் வந்தார். நல்ல மனுஷிதான். வண்டியை விட்டு இறங்கும்போதே வருத்தப்பட்ட முகத்தோடுதான் இறங்கினார்.

"நேத்தோட பதினாலு முடிஞ்சுது மேடம்."

"எனக்கும் எண்ணத் தெரியும்" என்றாள் லவோன். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "இன்னும் ஒரு வாரம் கொடுங்களேன். அவருக்கு இப்பத்தான் இந்த இடம் பிடிபட்டிருக்கு. ராத்திரி தானா எழுந்து போயிட்டுத் தானா வந்து படுக்கறாரு."

ரேஞ்சர் டெல்மரைப் பார்த்தார். அவர் நாற்காலியில் மேற்கே பார்த்து உட்கார்ந்து, காலைச் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி ஒரு சலாம் வைத்தார்.

"என் கையில இருந்தா விட்டுடுவேன் மேடம். உங்க வண்டி நம்பர் எழுதியாச்சு. இருபத்தஞ்சு மைல் தள்ளிப் போயிட்டீங்கன்னா மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கலாம்."

ஒண்ணுலேர்ந்து. அந்த அம்மாளுக்கு அது சலுகை. லவோனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே முழங்கால் வலித்தது.

அவளுக்கு எழுபது வயசு. நெப்ராஸ்காவில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். டெல்மருக்குத் தானியக் கிடங்கில் எடைபோடும் வேலை. ஓய்வு பெற்றதும் ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் அரிசோனா பக்கம் போய்விட்டு வருவோம் என்று பழைய வேன் ஒன்றில் படுக்கை அடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு குளிர்காலம் ஆறு வருஷம் ஆகிவிட்டது. முதல் நாலு வருஷம் சொர்க்கம். கோடைக்கு மலை, குளிருக்குப் பாலைவனம். இடம் தேடுவதே அவர்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. டெல்மர் வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவளைச் செல்லப்பெயரில் கூப்பிட்டு, "இடது பக்கம் ஒரு மண் ரோடு வரும் பாரு வோனி" என்பார். வரும்.

பிறகு ஒருநாள் அவர் சொன்ன மண் ரோடு வரவில்லை. அது நூறு மைலுக்கு அப்பால், போன வருஷம் போன ஊரில் இருந்த ரோடு.

போன வருஷம் வசந்தத்தில் புது இடம் ஒன்றுக்குப் போன முதல் நாள், டெல்மர் எழுந்து கழிப்பறைக் கூடாரத்துக்குப் போனார். முந்தின இடத்தில் அது எந்தத் திசையில், எத்தனை அடி தூரத்தில் இருந்ததோ அந்தத் திசையில் போனார். கூடாரம் வரவில்லை, அதனால் நடந்துகொண்டே இருந்தார். மூணு மணி நேரம் கழித்து யாரோ மோட்டார் வண்டிக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். உதடு வெடித்து ரத்தம் வந்திருந்தது. அவளைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதற்கப்புறம்தான் லவோன் அந்த வித்தையைக் கண்டுபிடித்தாள். இடத்தை மாற்றத்தானே சட்டம் சொல்கிறது, டெல்மருக்கு மாறின மாதிரி தெரியக் கூடாது என்றால் என்ன செய்வது? வண்டியின் மூக்கு எப்போதும் வடக்கே. கதவு கிழக்கே திறக்க வேண்டும். கதவிலிருந்து ஏழு காலடியில் அடுப்புக் கற்கள், அதைத் தாண்டி நாற்காலி. பின்பக்கம் ஒரே ஒரு மரம், மரத்துக்குப் பின்னால் கூடாரம். மற்றவர்கள் ஏரி தெரியுமா, மலை தெரியுமா என்று இடம் தேடுவார்கள். அவள் தேடியது தட்டையான தரையும் ஒற்றை ஜூனிப்பர் மரமும். அடுப்புக் கற்கள் மட்டும் எங்கேயும் தேட வேண்டியதில்லை, கூடவே வரும். பதினோரு கற்கள், ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் கனம், ஒரு பக்கம் புகை பிடித்துக் கறுத்தவை. கிளம்பும் அன்று டெல்மர் எழுவதற்கு முன்னால் எடுத்து வண்டியில் அடுக்குவாள், புது இடத்தில் அவர் இறங்குவதற்கு முன்னால் அதே வட்டமாக வைப்பாள். அந்தக் கறுப்புக் கற்களைப் பார்த்துவிட்டால் அவர் முகம் தெளியும். பாதி தெளிந்தாலும் போதும்.

மகள் ரெனேவுக்குக் கல் விஷயம் தெரிந்தால் சிரிக்க மாட்டாள், திட்டுவாள். ரெனே இன்னமும் நெப்ராஸ்காவில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இந்த மாதிரி மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி இருக்கிறது. இந்த வாரம் அதில் ஒரு அறை காலியாகியிருக்கிறது. இன்றைக்குச் சாயந்திரம் ஐந்து மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும்.

"அம்மா, நீ எனக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கா?" என்று நேற்று ரெனே கேட்டாள்.

"ஞாபகமறதி அப்பாவுக்கு. எனக்கில்ல."

ஞாபகம் இருந்தது. டெல்மர் காணாமல் போய்த் திரும்பிய அன்று, பயத்தில் நடுங்கிக்கொண்டு லவோன் தானாகவே சொன்ன வாக்கு. என்றைக்கு அவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போகிறதோ அன்றைக்கு நானே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் அவரை என்னிடம் விட்டுவிடு.

ரேஞ்சர் மனம் இரங்குவார் என்று காத்திருந்ததில், இந்தத் தடவை டெல்மர் பார்க்கவே கற்களை ஏற்ற வேண்டியதாயிற்று. ஏற்றி முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"எங்கே போறோம்?" என்றார் டெல்மர்.

"வீட்டுக்கு."

"அப்ப இது யாரு வீடு?"

"பெல்ட்டைப் போடு டெல்மர்."

முதலில் போன இடம் அவளுக்குத் தெரிந்த இடம்தான். ரெண்டு வருஷம் முன்னால் அங்கே ஒரு குளிர்காலத்தில் தங்கியிருக்கிறார்கள். முப்பது மைல் தார் ரோடு, ஆறு மைல் மண் ரோடு. மண் ரோட்டின் முடிவில் புதிதாக ஒரு இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு. நிலத்தைக் கொஞ்ச காலம் சும்மா விட்டிருக்கிறோம், புல் வளரட்டும் என்று ஒரு பலகை. புல்லுக்குக் கிடைக்கிற ஓய்வு நமக்குக் கிடைக்கவில்லையே என்று வாய்விட்டே சொன்னாள். வண்டியைத் திருப்ப இடமில்லாமல் அரை மைல் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியது வீண்போகவில்லை.

ரெண்டாவது இடத்தை போனில் ஒரு ஆப்பில் பார்த்து வைத்திருந்தாள். 'அமைதியான இடம், ஒரு ஈ காக்கா கிடையாது' என்று எவனோ ஒரு மகராசன் அதில் எழுதியிருந்தான். எழுதியதைப் படித்துவிட்டு ஈ காக்கா தவிர மற்ற எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரிய பெரிய டிரெய்லர் வீடுகள் பத்துப் பன்னிரண்டு நின்றன. ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. இதனால்தான் பழைய ஆட்கள் நல்ல இடத்தை யாரிடமும் சொல்வதில்லை. சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

வண்டி நின்றதும் அவள் தடுப்பதற்குள் டெல்மர் இறங்கிவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய டிரெய்லரை நோக்கி நேராக நடந்தார். இது ஒன்றை மட்டும் அவர் மறந்ததே இல்லை. ஏற்கெனவே ஒருத்தர் தங்கியிருக்கும் இடத்துக்குப் போனால் வண்டியை நிறுத்துவதற்கு முன்னால் போய்க் கேட்க வேண்டும். நிலம் யாருடையதும் இல்லைதான். ஆனாலும் முதலில் வந்தவனைக் கேட்பதுதான் மரியாதை.

"மன்னிக்கணும் சார். நாங்க இந்தப் பக்கத்துல தங்கினா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா? நானும் என் பெண்டாட்டியும்தான். ஜெனரேட்டர் கிடையாது, நாய் கிடையாது."

டிரெய்லர்க்காரன் பீர் டப்பாவோடு எழுந்து நின்றான். நல்ல ஆள். "தாராளமா வாங்க பெரியவரே! இங்கே இருக்கற சத்தத்துல நீங்க பீரங்கி வச்சிருந்தாக்கூடக் கேக்காது."

டெல்மர் சிரித்தார். அதற்குள் பின்னால் இன்னொரு ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பியது. அவர் தோள்கள் குறுகின, தொப்பி கையில் கசங்கியது. இப்படியும் அப்படியும் பார்த்தார். எந்த வண்டியிலிருந்து இறங்கி வந்தோம் என்பது அதற்குள் மறந்துவிட்டது. லவோன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வோனி" என்றார் அவளைப் பார்த்து. இன்னும் தெரிகிறது. அவள் மூச்சு விட்டாள்.

அந்தச் சத்தத்தை விட்டு மூணாவது இடத்துக்குப் போகும்போது மணி மூணு தாண்டிவிட்டது. அது அவள் கேள்விப்பட்ட இடம், பார்த்ததில்லை. 'எந்தக் காரும் போகும்' என்று ஆப்பில் குறிப்பு இருந்தது. எழுதிய தேதி ஜூன் மாதம். மழைக்காலத்துக்கு முந்தின குறிப்பை மழைக்காலத்துக்குப் பிறகு நம்பக் கூடாது என்பது புதுசாக வந்தவர்களுக்குக்கூடத் தெரியும். லவோனுக்கும் தெரியும். ஆனால் களைப்பு இருக்கிறதே, அது தெரிந்ததையெல்லாம் தெரியாததாக்கிவிடும். ஐந்து மணிக்குள் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கற்களை வட்டமாக வைத்து, டெல்மரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால், ரெனேவிடம் சத்தமாக 'வேண்டாம்' என்று சொல்லலாம். முடியாவிட்டால் எந்த முகத்தோடு சொல்வது?

ரோடு ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கியது. மழை வெள்ளம் புதுசாக மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. மணலில் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம். பாதி தாண்டியும் விட்டாள்.

"அதோ! வோனி, நிறுத்து! நம்ம இடம்!"

கரைமேல், ஓடை வளைகிற இடத்துக்கு அந்தப் பக்கம், ஒற்றை ஜூனிப்பர் மரம். அதன் கீழே தட்டைத் தரை. லவோனின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. மிதித்த மறுகணமே தலையில் அடித்துக்கொண்டாள். பின்சக்கரங்கள் ரெண்டும் அச்சு வரைக்கும் மணலில் உட்கார்ந்துவிட்டன.

திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். டயரில் காற்றைப் பாதி இறக்கினாள். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் பள்ளம் தோண்டினாள். தோண்டத் தோண்ட மணல் சரிந்து வந்தது. கீழே கொடுக்கப் பலகை கிடையாது. கரையில் கிடந்ததெல்லாம் கூழாங்கல். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கடைசியில் வேனின் பின்கதவைத் திறந்தாள்.

பதினோரு கற்களையும் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து சக்கரங்களுக்கு அடியில் திணித்தாள். கறுத்த பக்கம் எது, வெளுத்த பக்கம் எது என்றுகூடப் பார்க்கவில்லை. டெல்மர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவ வந்த கையை, "முதுகு பிடிச்சுக்கும், விடு" என்று தள்ளினாள்.

"டெல்மர், அந்தப் பாறை ஓரமா நில்லு. நான் வண்டியை மேல ஏத்திட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நகரக் கூடாது."

"எனக்கென்ன ரெண்டு வயசா?"

"நகரக் கூடாது."

கற்களின் மேல் சக்கரம் ஏறியபோது அடியில் படார் படார் என்று உடையும் சத்தம் கேட்டது. வேன் ஒரு துள்ளு துள்ளிக் கிளம்பியது. இனி நிறுத்தினால் மறுபடியும் புதையும். கற்களும் இல்லை. வளைவைத் தாண்டி, கரையேறி, மரத்தடிக் கெட்டித் தரைக்கு வந்துதான் நிறுத்தினாள். மூக்கு வடக்கே இருந்தது. கதவு கிழக்கே திறந்தது. இத்தனைக்கும் நடுவில் அது தானாக நடந்திருந்தது.

உடனே ஓடிப்போய் அவரைக் கூட்டி வரத்தான் இறங்கினாள். இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டதில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஒரு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டாள். தலைமயிரிலிருந்து மணல் கழுத்துக்குள் இறங்கியது. முகம், கை, சட்டை எல்லாம் ஒரே புழுதி.

ஓடை வளைவிலிருந்து டெல்மர் வந்துகொண்டிருந்தார். மெதுவாக, ஒழுங்காக நடந்து வந்தார். பத்தடி தூரத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் மேடம். நாங்க இந்தப் பக்கத்துல தங்கினா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"

கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் அவளை அவர் மேடம் என்று கூப்பிட்டதில்லை. ஆக, இன்றைக்குத்தான் அந்த நாள். 'டெல்மர், நான்தான்' என்று சொல்ல வாய் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் முகத்தில் பயம் இல்லை. தொலைந்துபோனவர் முகமாக இல்லை. வழி தெரிந்து, வந்த வேலை தெரிந்து, மரியாதையாக வந்து நிற்கிற மனுஷர் முகமாக இருந்தது. இப்படி அவரைப் பார்த்து எத்தனையோ மாதமாயிற்று.

"எத்தனை பேரு நீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டே பேரு. நானும் என் பெண்டாட்டியும்தான். ஜெனரேட்டர் கிடையாது, நாய் கிடையாது. சமைக்கும்போது அவ கொஞ்சம் பாடுவா. மத்தபடி சத்தமே இருக்காது."

"அவங்க எங்கே?"

"வண்டியை எடுத்துட்டு வரா. என்னை அங்கேயே நிக்கச் சொன்னா. நான்தான் முன்னாடி போய் இடத்தைப் பேசி முடிச்சுடலாம்னு வந்தேன்." ஓடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இடமில்லன்னு நீங்க சொன்னா வேற இடம் தேடத்தான் வேணும். ஆனா மேடம், அவளால முடியாது. காலையிலிருந்து ஓட்டறா. கல்லெல்லாம் தூக்கறா. எதுக்குன்னு எனக்குத் தெரியல, நான் கேக்கறதும் இல்ல. கேட்டா அழுதுடுவா. ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. வாயைத் திறந்து சொல்ல மாட்டா, அப்படியொரு பிடிவாதக்காரி."

லவோனுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. புழுதி முகத்தில் தெரிந்திருக்கவும் தெரிந்திருக்காது. ஒன்றரை வருஷத்தில் யாரும் அவளைப் பார்த்து இதைச் சொன்னதில்லை. ரேஞ்சர் சொன்னதில்லை, ரெனே சொன்னதில்லை, அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

"இடம் நிறைய இருக்கு" என்றாள். "அவங்க வர்ற வரைக்கும் நீங்க உக்காருங்க."

நாற்காலியை எடுத்து மேற்கே பார்த்துப் போட்டாள். அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை. அவர் அதைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, "நல்ல மரம் மேடம்" என்றார். டப்பாவில் கூழ்போல் கெட்டியாகிக் கிடந்த பீன்ஸும் ரெண்டு ரொட்டியும் எடுத்துத் தந்தாள். ஒரு ரொட்டியை அவர் துணியில் மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு போன் அடித்தது. அங்கே சிக்னல் கிடைக்காமல் போயிருக்கலாம், கிடைத்தது.

"அம்மா, அஞ்சாச்சு. விடுதிலேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. இடம் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது."

"உன் குரல் ஒரு மாதிரி இருக்கு. அம்மா, உண்மையைச் சொல்லு. அப்பாவுக்கு உன்னைத் தெரியுதா?"

லவோன் திரும்பிப் பார்த்தாள். டெல்மர் நாற்காலியை அரைவட்டம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஓடை வளைவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் வண்டி இன்னும் வரவில்லையே என்ற கவலை முதுகிலேயே தெரிந்தது.

"தெரியுது ரெனே" என்றாள். "உங்க எல்லாரையும்விட அவருக்குத்தான் என்னை நல்லாத் தெரியுது."

"அப்ப அறை வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடு."

"எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

"பதினாலு நாளைக்கு" என்றாள் லவோன். போனை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவாமலே ஓடைக்குள் இறங்கினாள். வளைவு வரைக்கும் போய்த் திரும்பி, பெண்டாட்டி வருவாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்த வழியாகவே அவரை நோக்கி நடந்து வந்தாள்.